"எல்லா மருந்தும் குடுத்துப் பாத்தாச்சு" என்று சொல்ல முன்

வன்னியில் மல்லாவி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று எந்தப் பக்கம் போனாலும் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வருத்தத்தோடு பல வருடமாக வீட்டுக்குள் இருக்கும் பிள்ளையைப் பற்றித் தாய்மார் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள்: "எல்லா மருந்தும் குடுத்துப் பாத்தாச்சு, ஒண்டும் சரிவரேல்லை." அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கிளினிக் கொப்பியைத் திறந்து பார்த்தால், அந்த "எல்லாம்" அரைகுறையாக நின்றுபோன இரண்டு மூன்று மருந்தாகவே பெரும்பாலும் இருக்கும். அதற்குப் பிறகும் குளோசப்பின் என்றொரு மருந்து இருக்கிறது.

ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவெடுக்க மூன்று விஷயம் வேண்டும். போதிய அளவில் கொடுத்திருக்க வேண்டும், ஆறு கிழமையாவது கொடுத்திருக்க வேண்டும், அது உண்மையில் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும். நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, பிறகு கிணற்றடியில் துப்பிய குளிசை கணக்கில் வராது.

அடுத்த கிளினிக்குக்குப் போகுமுன் ஒரு தாளில் நாலு பத்தி கீறுங்கள்: மருந்தின் பெயர், ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம், எப்போதிலிருந்து எப்போதுவரை, ஏன் நிறுத்தினது. நாலாவது பத்திதான் முக்கியம். "ரிஸ்பெரிடோன், 4 மில்லிகிராம், தை முதல் மாசி வரை, ஓரிடத்தில் இருக்கமாட்டார், இரவிரவாக முற்றத்தில் நடந்தார்" என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரி டொக்டருக்கு நிறையச் சொல்லும். கால் நிற்காமல் நடப்பது பல வேளைகளில் நோய் கூடினதால் வருவதல்ல, மருந்தின் பக்கவிளைவு. அதை "விசர் கூடிட்டுது" என்று வீட்டார் சொல்ல, மருந்தின் அளவு கூட்டப்படும், நடை இன்னும் கூடும். "உள்ளுக்குள்ள அந்தரமா இருக்கோ, காலை ஆட்டாமல் இருக்க ஏலாமல் இருக்கோ" என்று அவரையே கேட்டு, அவர் சொன்ன சொல்லையே எழுதிக்கொண்டு போங்கள். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ இதைச் சரிப்படுத்தலாம்.

குளிசை போடுகிறாரா என்ற சந்தேகம் இருந்தால் ஊசி இருக்கிறது. புளூபெனசின் ஊசியை முதலில் 12.5 மில்லிகிராம் போட்டுப் பார்த்து, ஒத்துக்கொண்டால் இரண்டு தொடக்கம் நாலைந்து கிழமைக்கு ஒருதடவை போடுவார்கள். வீட்டில் ஒவ்வொரு நாளும் நடக்கும் குளிசைச் சண்டை இதோடு ஓயும்.

இதற்குள் ஒன்று சொல்ல வேண்டும். 2009க்குப் பிறகு எங்களிடம் எல்லா வருத்தத்துக்கும் சண்டைதான் காரணம் என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. செத்துப்போன மகனின் குரல் ஒரு தாய்க்கு இரவில் கேட்பது துக்கத்திலும் நடக்கும், அதைமட்டும் வைத்து மனச்சிதைவு என்று சொல்லமுடியாது. ஆனால் மாதக்கணக்காக யாரோ தன்னை ஏசுவதாகவும், சோற்றில் நஞ்சு கலப்பதாகவும் ஒருவர் நம்பிக்கொண்டிருந்தால், உளவளத்துணை மட்டும் போதாது. மருந்தும் வேண்டும். வற்றாப்பளை அம்மனுக்கு வைத்த நேத்தி நேத்தியாக இருக்கட்டும், அதற்காகக் குளிசையை நிறுத்த வேண்டாம். விரதமென்றால் எந்த நேரத்தில் போடலாம் என்று டொக்டரிடம் கேளுங்கள்.

ஒழுங்காகக் கொடுத்த இரண்டு மருந்தும் கைவிட்ட பிறகு வருவதுதான் குளோசப்பின். மனச்சிதைவு உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மற்ற மருந்துகள் போதாமல் போகின்றன. அப்படிப்பட்டவர்களில் பத்துப் பேருக்கு நாலு பேர் அளவில் குளோசப்பினில் தெளிகிறார்கள். தற்கொலை ஆபத்தையும் அது குறைக்கிறது. பிறகு ஏன் முதலிலேயே கொடுப்பதில்லை? 1975இல் பின்லாந்தில் இந்த மருந்து குடித்த சிலர், இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளைக் கலங்கள் அற்றுப்போய் இறந்தார்கள். இது நடப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு, பெரும்பாலும் முதல் 18 கிழமைக்குள். அதனால்தான் அந்த 18 கிழமையும் கிழமைக்கொருதரம் இரத்தம் எடுக்கிறார்கள். பிறகு இடைவெளியைக் கூட்டுவார்கள். கூலி வேலை செய்யும் வீட்டுக்கு அது பெரிய பாரம். பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் போகும். பக்கத்து வைத்தியசாலையில் இரத்தம் எடுத்து முடிவைமட்டும் அனுப்பலாமா என்று தொடங்க முன்னமே கேளுங்கள்.

முதல் நாள் 12.5 மில்லிகிராம், அதாவது 25 மில்லிகிராம் குளிசையில் பாதி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று கிழமையில் 300 மில்லிகிராம் அளவுக்கு ஏற்றுவார்கள். பலன் முழுதாகத் தெரிய மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் ஆகும். ஒரு மாதத்தில் கை விரிக்காதீர்கள்.

பிழை நடக்கும் இடங்கள் இவை. 48 மணித்தியாலத்துக்கு மேல் குளிசை தவறினால் பழைய அளவில் திரும்பத் தொடங்கவே கூடாது. இரத்த அழுத்தம் விழுந்து மயங்கி விழலாம், வலிப்பும் வரலாம். டொக்டரிடம் போய் 12.5இலிருந்து மறுபடி ஏற வேண்டும். கார்த்திகை, மார்கழியில் குளம் வான்பாய்ந்து பாதை அறுபடும் ஊர்க்காரர், மழைக்கு முன்னமே மேலதிகமாக ஒரு கிழமைக் குளிசை கேட்டு வைத்திருங்கள்.

காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் பனடோலோடு நிற்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய், "குளோசப்பின் குடிக்கிறார், இரத்தம் பாருங்கோ" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் டெங்கும் வெள்ளைக் கலத்தை இறக்கும். எது காரணம் என்று வீட்டிலிருந்து பிரித்தறிய முடியாது. தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் நெஞ்சு நோவும் படபடப்பும் வந்தால் அது இருதயத் தசை அழற்சியாக இருக்கலாம், அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அடியுங்கள்.

மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். குளோசப்பின் குடலின் அசைவை மந்தமாக்கும், குடல் அடைத்து இறந்தவர்களும் உண்டு. இரண்டு மூன்று நாள் போகாவிட்டால் சொல்லுங்கள். வயிறு வீங்கி வாந்தியும் வந்தால் அவசரம். இரவில் வாய்நீர் வடியும், தலையணையில் துவாய் விரித்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

சுருட்டு, பீடி, சிகரெட் புகை இந்த மருந்தை ஈரலில் வேகமாக எரித்துவிடும். திடீரென்று புகையை நிறுத்தினால், வாட்டில் மறித்த நாளிலும்கூட, இரத்தத்தில் மருந்து கூடும். நித்திரை மயக்கமும் தள்ளாட்டமும் அதனால்தான். நிறுத்தும் எண்ணமிருந்தால் முன்கூட்டியே சொல்லி அளவைக் குறைப்பியுங்கள். எடையும் இரத்தத்தில் சீனியும் கூடும், தேத்தண்ணிச் சீனியை முதல் நாளிலிருந்தே குறையுங்கள்.

குரல்கள் சிலருக்கு முழுதாகப் போகும். சிலருக்குத் தூரத்தில் கேட்கும், ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிடும். கிணற்றடிக்குத் தானாகப் போய்க் குளிப்பது, ஆடு அவிழ்த்துக் கட்டுவது, கலியாண வீட்டுக்கு வருவது என்று சின்னச் சின்னதாகத்தான் மாற்றம் வரும். அதையும் அந்தத் தாளில் திகதி போட்டு எழுதுங்கள். இரவில் யாரிடமாவது கேட்கவேண்டுமென்றால் 1926, அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். கிளினிக்கில் உங்கள் முறை வந்ததும் தாளை மேசையில் வைத்து, "டொக்டர், இவருக்கு இரண்டு மருந்து முழு அளவில குடுத்திருக்கோ? குடுத்திருந்தா குளோசப்பின் பாக்கலாமோ?" என்று கேளுங்கள்.