குப்பை குறைந்தாலும் கட்டணம் ஏன் ஏறுகிறது?

வீட்டுக் குப்பையை அள்ளுவதற்கான கட்டணத்தை உயர்த்துவதென்று ஒரு நகர மன்றம் தீர்மானம் நிறைவேற்றினால், மறுநாள் காலையில் எழும் கேள்வி எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: சொத்து வரி கட்டுகிறோமே, அதற்கு மேல் இது எதற்கு? கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு மன்றங்கள் தரும் பதில்தான் பெரும்பாலும் அரைகுறையாக இருக்கிறது. எரிபொருள் விலை ஏறிவிட்டது, ஊதியம் ஏறிவிட்டது என்ற இரண்டு வரிகளோடு விளக்கம் முடிந்துவிடும். இத்தகைய தீர்மானங்களையும் அவற்றோடு இணைக்கப்படும் கட்டண அட்டவணைகளையும் தேடிப் படிப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம் (இதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்). எவ்வளவு உயர்த்துகிறார்கள் என்பதைக் காட்டிலும், செலவில் எந்தப் பகுதி குப்பையின் அளவைப் பொறுத்தது, எந்தப் பகுதி அதைப் பொறுத்ததல்ல என்பதை மன்றம் மக்களுக்குப் பிரித்துக் காட்டியிருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். காட்டாத இடங்களில்தான் பின்னால் சண்டை வருகிறது.

ஒரு தெருவுக்குள் குப்பை லாரி நுழையும் விதத்தைச் சற்று நின்று கவனித்தால் இந்தப் பிரிவினை விளங்கிவிடும். லாரி ஒரு வீட்டின் முன் நிற்கிறது. பின்படியில் நிற்கும் பணியாளர் இறங்கித் தொட்டியை இழுத்து வந்து பின்வாயில் கவிழ்க்கிறார். நெம்புகோலை இழுத்ததும் உள்ளே இருக்கும் இரும்புத் தகடு குப்பையை வாரி உட்புறமாகத் தள்ளி அழுத்துகிறது. தொட்டியைத் திரும்ப வைத்துவிட்டு அவர் படியில் ஏறியதும் லாரி பத்தடி நகர்ந்து மீண்டும் நிற்கிறது. தொட்டி வழிந்துகொண்டிருந்தாலும் கால்வாசிதான் இருந்தாலும் இந்த நிறுத்தமும் இந்த உடலுழைப்பும் இந்த எரிபொருளும் மாறுவதில்லை. பாதி காலியாக ஓடும் பேருந்துக்கும் முழு டீசல் வேண்டியிருப்பதைப் போன்றதுதான் இது. லாரி நிரம்பி, குப்பையைப் பெரிய வண்டிகளுக்கு மாற்றும் நிலையத்தின் எடைமேடையில் ஏறும்போதுதான் குப்பை முதன்முறையாக டன் கணக்கில் விலையாகிறது. அதுவரையிலான செலவு, அதாவது வண்டி, ஓட்டுநர், ஏற்றுபவர்கள், பணிமனை, கட்டண வசூல் அலுவலகம் ஆகிய எல்லாமே, வீடுகளின் எண்ணிக்கையையும் தெருக்களின் நீளத்தையும் பொறுத்தது. ஆகவே ஒரு நகரத்து மக்கள் தங்கள் குப்பையைச் சரிபாதியாகக் குறைத்துக்கொண்டாலும் நகரத்தின் செலவு பாதியாகக் குறையாது.

குப்பை கிடங்கைச் சேர்ந்த பிறகும் செலவு முடிவதில்லை. அமெரிக்காவின் கூட்டரசு விதிகளின்படி, ஒரு குப்பைக் கிடங்கை மூடிய பின்னரும் பொதுவாக 30 ஆண்டுகளுக்கு அதன் கசிவுநீரையும் மீத்தேன் வாயுவையும் நிலத்தடி நீரையும் கண்காணித்துப் பராமரிக்க வேண்டும். இன்றைய கட்டணத்தில் அதற்கென ஒரு தொகையை ஒதுக்காத நகரம், இன்று குப்பை போடுபவரின் செலவை அவருடைய பேரக்குழந்தைகளின் பெயரில் எழுதிவைக்கிறது.

மறுசுழற்சியால் வருமானம் வருமே என்று கேட்பவர்கள் உண்டு. பழைய தாளையும் பிளாஸ்டிக்கையும் விற்றுப் பல மேற்கத்திய நகரங்கள் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டி வந்தது உண்மைதான். 2018 தொடக்கத்தில் சீனா கலப்புத் தாள், கழிவுப் பிளாஸ்டிக் ஆகியவற்றின் இறக்குமதியை நிறுத்தி, பிற தாள் வகைகளில் அனுமதிக்கப்படும் அழுக்கின் அளவையும் 0.5 சதவீதமாகக் குறைத்தபோது அந்த வருமானம் சரிந்தது. அதுவரை பணம் கொண்டுவந்த பொருளை அப்புறப்படுத்தப் பணம் கொடுக்க வேண்டிய நிலைக்குப் பல நகரங்கள் வந்தன. கட்டண உயர்வுத் தீர்மானங்களில் இந்தக் காரணம் அடிக்கடி சொல்லப்படுகிறது; அது சாக்கு அல்ல.

சரி, இந்தச் செலவை வீடுகளுக்குள் எப்படிப் பங்கிடுவது? எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை என்பது வசூலிக்க எளிது. ஆனால் தனியாக வாழும் முதியவரும் எட்டுப் பேர் கொண்ட குடும்பமும் ஒரே தொகையைக் கட்டுவார்கள். சொத்து வரியோடு சேர்த்துவிட்டால் பணம் தவறாமல் வரும். ஆனால் யார் எதற்குக் கொடுக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தைப்பே நகரம் ஒரு விசித்திரமான வழியைப் பின்பற்றி வந்தது. அங்கே குப்பைக் கட்டணம் தண்ணீர்க் கட்டணத்தோடு, தண்ணீர்ப் பயன்பாட்டின் அளவை வைத்தே வசூலிக்கப்பட்டது. நிறையக் குளிப்பவர் நிறையக் குப்பை போடுபவராகக் கருதப்பட்டார் என்பதை நினைத்தால் இன்று சிரிப்பு வருகிறது. ஆனால் அளவிடக்கூடிய வேறொன்று கையில் இல்லாத நிர்வாகத்துக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடாகத் தோன்றியிருக்க வேண்டும். 2000 ஜூலையில் அந்நகரம் அதைக் கைவிட்டு, அரசு முத்திரையிட்ட பைகளை விலைக்கு வாங்கி அவற்றில் மட்டுமே குப்பை போட வேண்டும் என்ற முறைக்கு மாறியது. தென்கொரியா 1995இலேயே இத்தகைய பை முறையை நாடு முழுவதும் கொண்டுவந்துவிட்டது. சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் நகரம் 1975இலேயே தொடங்கிவிட்டது.

போடுகிற அளவுக்குக் கட்டணம் என்ற இந்த முறை கேட்பதற்கு மறுக்க முடியாத நியாயமாக ஒலிக்கிறது. நானும் அதன் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் அதன் ஆதரவாளர்கள் பேசத் தயங்கும் இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, மக்கள் குறைப்பது குப்பையின் எடையையா, பருமனையா என்பது. சியாட்டில் நகரம் 1981இல் தொட்டிகளின் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் விதித்தபோது, மக்கள் தொட்டிக்குள் இறங்கிக் குப்பையைக் காலால் மிதித்து இறுக்கத் தொடங்கினார்கள். அந்த மிதிக்கு ஊரின் பெயரிலேயே ஒரு செல்லப்பெயரும் கிடைத்தது. வர்ஜீனியா மாநிலத்தின் சார்லட்ஸ்வில் நகரம் 1992இல் பை ஒன்றுக்கு 80 சென்ட் விதித்தபோது, டான் ஃபுல்லர்டன், தாமஸ் கின்னமன் என்ற இரு பொருளியலாளர்கள் 75 வீடுகளின் குப்பையைக் கட்டணத்துக்கு முன்னும் பின்னும் எடைபோட்டுப் பார்த்தார்கள். பைகளின் பருமன் 37 சதவீதம் குறைந்திருந்தது. எடை 14 சதவீதமே குறைந்திருந்தது. அந்த 14 சதவீதத்திலும் கால் பங்குக்குச் சற்று மேல் முறைகேடாக வேறெங்கோ கொட்டப்பட்டிருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு. லாரியே குப்பையை அழுத்தித்தான் ஏற்றுகிறது என்னும்போது, வீட்டில் மிதித்து இறுக்குவதால் நகரத்துக்கு மிச்சமாவது அதிகம் ஒன்றுமில்லை.

இரண்டாவது விஷயம்தான் கட்டண உயர்வின் மீதான கோபத்துக்கு வேர் என்று நினைக்கிறேன். அளவை வைத்து மட்டும் கட்டணம் வசூலிக்கும் நகரத்தில் மக்கள் சொன்னபடி குப்பையைக் குறைத்தால் வருமானம் குறைகிறது. நிலையான செலவோ அப்படியே நிற்கிறது. பள்ளத்தை நிரப்ப மன்றம் மீண்டும் விலையை ஏற்றுகிறது. தரம் பிரித்து, மட்கச் செய்து, சின்னத் தொட்டிக்கு மாறியவருக்கு அடுத்த ஆண்டு கிடைக்கும் பரிசு கட்டண உயர்வு அறிவிப்பு. மன்றம் ஏமாற்றுகிறது என்று அவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. உண்மையில் அங்கே ஏமாற்று எதுவும் இல்லை. தொடக்கத்திலேயே கட்டணத்தை இரண்டாகப் பிரித்து, லாரி வாசலுக்கு வருவதற்கு ஒரு நிலையான தொகை, கிடங்குக்குப் போகும் குப்பைக்கு அளவைப் பொறுத்த ஒரு தொகை என்று தனித்தனியாக எழுதியிருந்தால் இந்தக் கசப்பைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம். நிலையான தொகையை மிக உயர்த்தினால் குறைப்பதற்கான ஊக்கம் போய்விடும். மிகத் தாழ்த்தினால் நிதி ஆட்டம் காணும். எந்த விகிதம் சரி என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆனால் விகிதத்தை மறைப்பது எந்த ஊரிலும் சரியாகாது.

கட்டணமே வாங்காமல் இருப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரம் எடுத்துக்காட்டு. 1919இல் பிறந்து பின்னர் திருத்தப்பட்ட ஓர் ஊர்ச்சட்டத்தின் கீழ், அங்கே தனி வீடுகளின் குப்பையை நகரமே கட்டணமின்றி அள்ளி வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருந்தவர்களோ பெரும்பாலும் தனியார் நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தார்கள். அவர்கள் கட்டிய வரியிலிருந்தும் தனி வீடுகளின் குப்பைச் செலவு நடந்தது. 2022 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் மிகக் குறைந்த வித்தியாசத்தில், கட்டணம் வாங்கக்கூடாது என்ற அந்தத் தடை நீங்கியது. அப்போது மாதம் 23 முதல் 29 டாலர் வரை ஆகலாம் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. 2025 ஜூனில் மன்றம் ஒப்புதல் தந்தபோது முழு அளவுத் தொட்டிக்கு மாதம் 43.60 டாலர் என்று வந்து நின்றது. கட்டணம் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. வாடகைக்காரரின் வரியில் வீட்டுக்காரரின் தொட்டி காலியாவதை நியாயப்படுத்த யாராலும் முடியாது. ஆனால் வாக்குக் கேட்கும்போது ஒரு தொகையும் பில் அனுப்பும்போது வேறொரு தொகையும் சொன்னால், சரியான முடிவும் தவறான முடிவைப்போல் தோன்றத்தான் செய்யும்.

அந்த மாநிலத்தின் சட்டம் இந்த விஷயத்தில் கவனிக்கத்தக்கது. 1996இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 218ஆம் முன்மொழிவின்படி, இத்தகைய கட்டணத்தை விதிப்பதற்கு முன் ஒவ்வொரு சொத்து உரிமையாளருக்கும் அஞ்சலில் அறிவிப்பு அனுப்பி, குறைந்தது 45 நாட்களுக்குப் பிறகு பொது விசாரணை நடத்த வேண்டும். பாதிக்கு மேற்பட்டோர் எழுத்தில் எதிர்த்தால் கட்டணம் விழுந்துவிடும். வசூலாகும் தொகை அந்தச் சேவையின் செலவை மீறக்கூடாது, அந்தப் பணத்தை வேறு வேலைக்கும் திருப்பக்கூடாது. பாதிப் பேரை எழுத வைப்பது கடினம் என்பதால் எதிர்ப்பு அரிதாகவே வெல்கிறது. சான் டியேகோவிலும் வெல்லவில்லை. இருந்தாலும் செலவுக் கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டிய கட்டாயம் அங்கே இருக்கிறது, அதுவே பெரிது.

கணக்கைத் துருவிப் பார்க்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அதே மாநிலத்தின் சான் பிரான்சிஸ்கோவில் காணலாம். 1932ஆம் ஆண்டின் ஏற்பாடு ஒன்றின் விளைவாக அங்கே ஒரே நிறுவனமே வீட்டுக் குப்பையை அள்ளி வருகிறது. 2017இல் வழங்கப்பட்ட உயர்வில் கணக்குப் பிழை இருந்தது பின்னர் வெளிப்பட்டு, 2021இல் சுமார் 9.5 கோடி டாலரைக் கட்டணதாரர்களுக்குத் திருப்பித் தர அந்நிறுவனம் உடன்பட வேண்டியிருந்தது. 2022இல் வாக்காளர்கள் கட்டணம் நிர்ணயிக்கும் முறையையே மாற்றினார்கள். கட்டணதாரர்களின் பிரதிநிதி ஒருவருக்கும் இப்போது கட்டணத்தை நிர்ணயிக்கும் வாரியத்தில் இடம் உண்டு. அவ்வளவு வசதியான, படித்தவர்கள் நிறைந்த நகரத்திலேயே இந்தத் திருத்தத்துக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

கட்ட முடியாதவர்களைப் பற்றிய கேள்வி எஞ்சி நிற்கிறது. உலக வங்கி 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, குறைந்த வருமான நாடுகளின் நகரங்கள் தங்கள் வரவு செலவுத் திட்டத்தில் சராசரியாக 20 சதவீதத்தைக் குப்பைக்கே செலவிடுகின்றன. பணக்கார நாடுகளில் அது 4 சதவீதம்தான். எனவே எல்லாவற்றையும் பொது நிதியிலிருந்தே கொடுத்துவிடலாம் என்ற யோசனை, தேவை மிகுந்த இடங்களில்தான் மிகக் கடினமானது. சலுகை தருவதிலும் சிக்கல் உண்டு: கட்டணம் செலவை மீறக்கூடாது என்று சட்டம் கறாராக இருக்கும் இடத்தில், ஏழை வீட்டுக்குக் குறைத்ததை அடுத்த வீட்டின் பில்லில் ஏற்ற முடியாது, நகரத்தின் பொது நிதியிலிருந்துதான் அதை ஈடுகட்ட வேண்டும். அப்படி ஈடுகட்டுவதற்கான தொகையையும் கட்டண உயர்வுத் தீர்மானத்திலேயே, அதே கூட்டத்தில், ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் எண்ணம். சலுகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால், முதல் பில் சலுகைக்கு முன்பாகவே அந்த வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.