ஒலி விளையாட்டுக்கு எந்தக் கன்ட்ரோலர்?

காதால் கேட்டு மட்டுமே ஆடும் விளையாட்டு ஒன்றை எங்கள் சின்னக் குழு செய்துகொண்டிருந்தபோது, எந்தக் கன்ட்ரோலருக்கு ஏற்ப அதை அமைப்பது என்ற கேள்வி என் தலையில் விழுந்தது. நான் ரொம்ப யோசிக்கவில்லை, கேம்பேட்தான் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். கைக்குள் அடங்கும், பட்டன்கள் குறைவு, அதிர்வு வேறு இருக்கிறது. பார்வையுள்ளவன் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தால் வரக்கூடிய முடிவு.

எங்களுக்காக ஆடிப் பார்த்துச் சொன்னவர் பிறவியிலேயே பார்வையில்லாதவர், ஒலி விளையாட்டுகளில் பழம் தின்று கொட்டை போட்டவர். கேம்பேடை இரண்டு நிமிடம் உருட்டிவிட்டு மேசையில் வைத்தார். "கீபோர்டு இருக்குமா?" என்றார், அவ்வளவுதான். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானோடு நாள் முழுக்கக் கணினியில் வேலை செய்கிறவர் அவர். எஃப், ஜே விசைகளில் இருக்கும் சின்ன மேடு விரலில் தட்டுப்பட்டால் போதும், மற்ற விசைகளெல்லாம் எங்கே என்று கைக்கே தெரியும்.

சரி, கீபோர்டுக்கே போவோம் என்று போனால் அங்கே வேறு தலைவலி. கன்ட்ரோல் விசையை அம்பு எய்ய வைத்திருந்தோம். அவர் பயன்படுத்தும் திரைவாசிப்பானான என்விடிஏ-வில் கன்ட்ரோலை அழுத்தினால் பேச்சு நின்றுவிடும். விளையாட்டின் அறிவிப்புகள் என்விடிஏ குரலில்தான் வந்தன என்பதால், அவர் ஒவ்வொரு முறை அம்பு விடும்போதும் "எதிரி இடது..." என்பதோடு குரல் அறுந்துபோனது. ஷிஃப்டுக்கு மாற்றினோம். ஐந்து முறை வேகமாகத் தட்டியதும் விண்டோஸ் 'ஸ்டிக்கி கீஸ்' (சேர்த்து அழுத்த வேண்டிய விசைகளை ஒவ்வொன்றாக அழுத்த விடும் வசதி) வேண்டுமா என்று கேட்டு நின்றது! இதைக் கண்டுபிடித்த அன்று நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

அதைவிட மோசமானது மலிவு கீபோர்டு. அவற்றில் பலவும் சில விசைகளை மூன்றாக ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒன்றை விழுங்கிவிடும். மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் மூன்றும் சேர்ந்தால் பல கீபோர்டுகளில் ஸ்பேஸ் போய்ச் சேராது. திரையுள்ள விளையாட்டில் ஆள் குதிக்கவில்லை என்பது உடனே கண்ணில் பட்டுவிடும். இங்கே வெறும் மௌனம். விசை பதியவில்லையா, விளையாட்டு தொங்கிவிட்டதா, தான்தான் தப்பான இடத்தில் நிற்கிறோமா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் ஒவ்வொரு விசைக்கும், அது எதையும் செய்யாவிட்டாலும்கூட, ஒரு மெல்லிய சத்தம் வைத்தோம்.

கேம்பேடை நான் அதோடு விட்டுவிடவில்லை, கொஞ்சம் வீம்பும் உண்டு. ஸ்டிக்கை முன்னால் தள்ளி நேரே நடக்கிறோம் என்று நாம் நினைப்பதே பொய்தான். கட்டைவிரல் எப்போதும் சற்றுச் சாய்ந்துதான் தள்ளுகிறது, திரையைப் பார்த்து நம்மை அறியாமலே திருத்திக்கொண்டே இருக்கிறோம். திரை இல்லையென்றால் அந்தச் சாய்வு கூடிக்கூடி ஆள் சுவரில் போய் முட்டுகிறார். கடைசியில் ஸ்டிக்கை எட்டுத் திசைக்குள் அடக்கி, 45 பாகை திரும்பும்போதெல்லாம் ஒரு 'டிக்' கேட்கிற மாதிரி செய்தோம். அப்புறமும் பாதிப் பேர் டி-பேடையே, அதாவது கூட்டல் குறி வடிவத் திசைப் பட்டனையே, தேடிப்போனார்கள்.

அதிர்வு விஷயத்தில் நான் பட்டது தனிக்கதை. இடது மோட்டார் அதிர்ந்தால் எதிரி இடப்பக்கம், வலது அதிர்ந்தால் வலப்பக்கம் என்று எழுதி வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இரண்டும் ஒரே மோட்டார் அல்ல: இடதில் இருப்பது கனமானது, மெதுவாகக் குலுக்கும், வலதில் இருப்பது இலேசானது, வேகமாக நடுங்கும். ஆட வந்தவர்களுக்கு இடப்பக்க எதிரி எப்போதும் பூதம் மாதிரியும் வலப்பக்க எதிரி கொசு மாதிரியும் இருந்தது. போதாக்குறைக்கு, மோட்டாரின் உறுமலில் காலடிச் சத்தம் அமுங்கிப்போனது. அதிர்வை அடி வாங்கும்போது மட்டும் என்று குறைத்தோம்.

பட்டன் பெயர்களிலும் மாட்டிக்கொண்டோம். "ஏ பட்டனை அழுத்துங்கள்" என்று குரல் பதிவு செய்திருந்தோம். எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே இருக்கிறது, நிண்டெண்டோவில் வலப்புறம், ப்ளேஸ்டேஷனில் எழுத்தே கிடையாது. பொறித்திருக்கும் எழுத்தைப் பார்க்கவே முடியாதவரிடம் எழுத்தைச் சொல்லி என்ன பயன்? "கீழ்ப் பட்டன்" என்று எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்தோம்.

ஒருநாள் பட்டன் தாமதமாக வேலை செய்கிறது என்று புகார் வந்து, இரண்டு நாள் கன்ட்ரோலரைத் திட்டினோம். புகார் சொன்னவர் மாட்டியிருந்தது ப்ளூடூத் ஹெட்போன். ஒலி காதுக்கு வரும் வழியிலேயே நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தது. கம்பியுள்ளதை மாட்டியதும் சரியாகிவிட்டது.

ஒரு கையால் மட்டும் ஆடும் இன்னொருவர் தன் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரோடு வந்தார். 2018-இல் வந்த அந்தச் சாதனத்தின் பின்னால் 3.5 மி.மீ. துளைகள் 19 உண்டு, தேவையான சுவிட்சை அவரவர் செருகிக்கொள்ளலாம். அவருக்காக எங்கள் பக்கம் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: இரண்டு பட்டனைச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லும் கட்டளைகளை நீக்குவது.

இப்போது விளையாட்டைத் திறந்ததும் எந்தக் கன்ட்ரோலர் என்று கேட்பதில்லை. "முன்னால் நடக்க எதை அழுத்துவீர்கள்? அதை அழுத்துங்கள்" என்று குரல் கேட்கும், அழுத்துவதை எடுத்துக்கொள்ளும். முதலில் ஆடிப் பார்த்தவர் இன்னமும் தன் பழைய கீபோர்டில்தான் ஆடுகிறார். ஜே விசையின் மேடு தேய்ந்துவிட்டதாம், ஒரு சொட்டுப் பசையை அதன்மேல் காயவைத்திருக்கிறார்.