சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் மாலையில் கேட்க வேண்டியவை

நாளை காலை தியேட்டருக்குப் போகவிருக்கும் நோயாளியின் கட்டிலருகே முதல் நாள் மாலை மயக்கமருந்து வைத்தியர் வந்து நிற்கும்போது, உறவினர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டொக்டர், அம்மா மயக்கத்தைத் தாங்குவாவோ?" திருகோணமலையில் பணியாற்றும் காலம் முழுவதும் இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறேன். இதன் பின்னாலுள்ள பயம் நியாயமானது. ஆனால் ஆம் அல்லது இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு நகரக் கூடிய கேள்வி இதுவல்ல. நாங்கள் செய்யும் ஆபத்து மதிப்பீடு, ஆளைத் தேறியவர், தவறியவர் என்று பிரிக்கும் பரீட்சை அல்ல. நாளைக்கு எந்த மருந்தைத் தவிர்ப்பது, எதை ஆயத்தமாக வைத்திருப்பது, இரவில் யார் அருகில் இருப்பது என்பதையெல்லாம் இன்றைக்கே முடிவுசெய்வதற்கான வேலை அது. அந்த வேலையில் இரத்தப் பரிசோதனைகளை விடவும் ஈ.சி.ஜி.யை விடவும் அதிகம் உதவுவது, சரியாகக் கேட்கப்பட்ட கேள்விதான் என்பது என் உறுதியான எண்ணம்.

உலகெங்கும் பயன்படும் அமெரிக்க மயக்கமருந்தியலாளர் சங்கத்தின் தரப்படுத்தல் 1941இல் உருவாகி, 1963இல் திருத்தப்பட்டது. வேறு நோயில்லாத ஒருவர் முதலாம் தரம். கட்டுப்பாட்டிலுள்ள நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ உள்ளவர் இரண்டாம் தரம். இப்படியே ஏறி, உயிருக்கு எந்நேரமும் ஆபத்தாக இருக்கும் நோயுள்ளவர் நான்காம் தரத்துக்கு வருவார். அவசர சத்திரசிகிச்சையானால் பக்கத்தில் ஓர் எழுத்து சேரும். இத்தரம் நோயாளியின் பொதுவான உடல்நிலையைச் சக வைத்தியருக்குச் சுருக்கமாக அறிவிக்க மிகவும் பயன்படுகிறது. ஆனால் அவருக்குச் செய்யப்போவது சிறிய கட்டியகற்றலா, வயிற்றைத் திறக்கும் பெரிய சத்திரசிகிச்சையா என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. அதனால் 1999இல் வெளிவந்த இதய ஆபத்துச் சுட்டெண்ணையும் சேர்த்துப் பார்க்கிறோம். சத்திரசிகிச்சையின் தன்மை, இதயக் குருதிக்குழாய் நோய், இதயச் செயலிழப்பு, முன்னர் வந்த பாரிசவாதம், இன்சுலின் பாவனை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் இரத்தத்தில் உயர்ந்திருத்தல் ஆகிய ஆறையும் எண்ணும் எளிய கணக்கு அது.

இவையெல்லாம் தாளில் எழுதக் கூடியவை. தாளில் எளிதாக எழுத முடியாதது, அந்த மனிதரின் உடல் எவ்வளவு உழைப்பைத் தாங்குகிறது என்பது. பெரிய சத்திரசிகிச்சைக்குப் பின்னான நாட்களில் இதயமும் நுரையீரலும் வழமையை விடக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். மூச்சு வாங்காமல் இரண்டு மாடிப் படி ஏறக் கூடியவரிடம் அதற்கான மிச்சம் ஓரளவு இருக்கிறது என்று நீண்ட காலமாக நம்பி வந்திருக்கிறோம். பிரச்சினை என்னவென்றால், வைத்தியர்களான நாங்கள் அதைக் கண்ணால் பார்த்தே ஊகித்துவிடுகிறோம். கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் வைத்தியசாலைகளில் 1,401 நோயாளரை வைத்துச் செய்யப்பட்டு 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இந்த ஊகத்தைச் சோதித்தது. உண்மையில் உடற்திறன் குறைந்திருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை மட்டுமே மயக்கமருந்து வைத்தியரின் ஊகம் சரியாக இனங்கண்டது. அதே ஆய்வில், அன்றாட வேலைகளைப் பற்றிப் பன்னிரண்டு கேள்விகள் கேட்கும் டியூக் வினாக்கொத்து இதை விட நன்றாக வழிகாட்டியது. அந்த ஆய்வை வாசித்த பிறகு, கட்டிலருகே நான் நிற்கும் நேரம் கூடியிருக்கிறது.

அந்த வினாக்கொத்து 1989இல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. கோல்ஃப் விளையாடுவீர்களா, பனிச்சறுக்குச் செய்வீர்களா என்றெல்லாம் அதில் உண்டு. கிண்ணியாவிலிருந்தோ சம்பூரிலிருந்தோ வந்த ஒருவரிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. எனவே நகரத்தவரிடம், பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை நிற்காமல் நடந்து ஏறுவீர்களா என்று கேட்கிறேன். "வழியில மான் பாக்க நிண்டனான்" என்று சொல்பவரிடம், மானுக்காக நின்றீர்களா, மூச்சுக்காக நின்றீர்களா என்று திருப்பிக் கேட்பேன். நிறையப் பேர் சற்று யோசித்து, மூச்சுக்காகத்தான் என்று ஒத்துக்கொள்வார்கள். கடற்கரை ஊரவரிடம், கரைவலை இழுக்க இப்போதும் போகிறீர்களா, போனால் கடைசி வரை கயிற்றில் நிற்கிறீர்களா என்று கேட்கலாம். தம்பலகாமத்து விவசாயியிடம், உர மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரம்பில் நடப்பது யார், நீங்களா மகனா என்று கேட்கலாம். மூட்டு வலியால் நடக்கவே முடியாத முதியவர்களிடம் இக்கேள்விகள் எதுவும் பலிக்காது. கிணற்றில் அள்ளிக் குளிப்பதையும் இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்கள் என்பதையும் விசாரிக்க வேண்டியதுதான். இப்படி மாற்றிக் கேட்கும்போது வினாக்கொத்தின் புள்ளிகளை நான் கூட்டுவதில்லை. கேள்வி மாறினால் புள்ளிக்குப் பொருளில்லை. ஆனால் போன வருடம் செய்த வேலையை இந்த வருடம் செய்ய முடியவில்லை என்ற ஒரு செய்தி கிடைத்தால், அதற்கு மேல் தேட வேண்டிய திசை தெரிந்துவிடும்.

மக்கள் எல்லாவற்றையும் சொல்வதில்லை. புல்மோட்டையிலிருந்து விடிய முதல் பஸ் பிடித்து வந்தவர், கடலுக்குப் போகாத நாட்களின் உழைப்பை இழந்து வந்தவர், பிள்ளைகளை அயலவரிடம் விட்டு வந்தவர் ஆகியோர், ஏதாவது வருத்தத்தைச் சொன்னால் ஒப்பரேஷனைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள் என்று அஞ்சுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். "வேறு வருத்தம் இருக்கோ" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும். "உங்கட கிளினிக் கொப்பியைத் தாங்கோ" என்று கேட்டால், சொப்பிங் பையிலிருந்து கொப்பியோடு மருந்து உறைகளும் வெளியே வரும். அவை பேசத் தொடங்கும்.

அந்தப் பையில் இருப்பவற்றில் சிலவற்றை நிறுத்த வேண்டும், சிலவற்றை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் எடுப்பவர் வழமையாக ஐந்து நாட்களுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் போன்ற புதிய நீரிழிவு மாத்திரைகளை மூன்று நாட்களுக்கு முன் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் இரத்தத்தில் சீனி ஏறத்தாழச் சரியாகக் காட்டும்போதே உடலில் அமிலம் சேர்ந்துவிடக் கூடும். மறுபுறம், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீற்றா தடுப்பு மாத்திரையை நெடுநாளாக எடுப்பவர் அன்று காலையும் ஒரு மிடறு தண்ணீருடன் அதை எடுக்க வேண்டும். அதே மாத்திரையைப் புதிதாக, பெரிய அளவில், சத்திரசிகிச்சைக்குச் சற்று முன் தொடங்குவது மாரடைப்பைக் குறைத்தாலும் பாரிசவாதத்தையும் இறப்பையும் கூட்டியது என்று 2008இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. வாயால் எதுவும் எடுக்கக் கூடாது என்ற அறிவுறுத்தலைப் பின்பற்றி எல்லா மாத்திரைகளையும் தாங்களாகவே விட்டுவிட்டு வருபவர்கள் ஏராளம். எதை விடுவது, எதை எடுப்பது என்று பெயர் பெயராகச் சொல்லாமல் விட்டால் அதுதான் நடக்கும்.

கொப்பியே இல்லாதவரிடம் கேள்விதான் ஒரே துணை. இரண்டாவது பிள்ளைக்காகத் திட்டமிட்ட சிசேரியனுக்கு வந்திருந்த இளம் தாயொருவர், இதய வருத்தம் ஏதும் இல்லை என்றார். படுத்தால் மூச்சு வாங்குவதையும் பிள்ளைத்தாய்ச்சிக்கு வருவதுதானே என்று ஒதுக்கினார். சின்ன வயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்ததா, நீண்ட காலம் ஊசி போட்டீர்களா என்று கேட்டேன். "ஓம், பள்ளிக்கூடம் போற காலத்தில மாசம் மாசம் ஒரு ஊசி போட்டவை. பிறகு நல்லாயிட்டுது எண்டு விட்டிட்டம்" என்றார். இதய வால்வுகளைப் பாதிக்கக் கூடிய வாதக் காய்ச்சலுக்குப் பின் போடப்படும் பெனிசிலின் ஊசி அது. இதயத்தை ஒலி அலையால் பார்க்கும் எக்கோ பரிசோதனையில் இதயத்தின் ஈரிதழ் வால்வு குறுகியிருப்பது தெரிந்தது. அப்படிப்பட்ட இதயமுள்ளவருக்கு, எல்லாத் தாய்மாருக்கும் போடுவது போல முதுகில் ஒரே தடவையில் விறைப்பூசி போட்டால், குருதி அமுக்கம் சடுதியாக விழுந்து, துடிப்பு வேகமாகி, நுரையீரலில் நீர் கோர்த்துவிடலாம். எனவே முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றினோம். இதய வைத்தியரும் தீவிர கண்காணிப்புக் கட்டிலும் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தன. தாயும் பிள்ளையும் நலமாக வீடு போனார்கள். இதய வருத்தம் உண்டா என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் பொய்யல்ல. அவர் அறிந்தது அவ்வளவுதான்.

சுவாசப் பாதையைப் பார்ப்பதும் முதல் நாள் மாலை வேலைதான். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி, உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் மல்லம்பாட்டி முறை 1985இலிருந்து வழக்கில் உள்ளது. கழுத்தை நிமிர்த்தச் சொல்வோம், தாடைக்கும் குரல்வளைக்கும் இடைப்பட்ட தூரத்தை அளப்போம், ஆடும் பற்களைத் தொட்டுப் பார்ப்போம். எங்கள் பகுதியில் இவற்றோடு வெற்றிலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குடலிறக்கத்துக்காக வந்திருந்த முதிய கடற்றொழிலாளி ஒருவரிடம், "ஐயா, ஏலுமான மட்டும் வாயைத் திறவுங்கோ" என்றேன். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே அவருடைய மூன்று விரல்கள் நெடுக்காக நுழைய வேண்டும். ஒன்றரை விரலுக்கு மேல் போகவில்லை. "இதுக்கு மேல ஏலாது மகள், கன காலமா இப்பிடித்தான். உறைப்புச் சாப்பிட்டா எரியும், அதால சோத்தைப் பிசைஞ்சுதான் சாப்பிடுறது" என்றார். கன்னத்தின் உட்புறம் வெளிறி, விரலால் தொட்டால் கயிறு போல் இறுகிய பட்டைகள் தட்டுப்பட்டன. ஆண்டுக்கணக்கில் பாக்கு மெல்வதால் உட்தோலின் கீழ் நார் படிந்து வாய் இறுகும் இந்நிலை, புற்றுநோயாக மாறவும் கூடியது.

குடலிறக்கத்துக்கு முதுகில் போடும் விறைப்பூசி போதும். அவருக்கும் அதையே தெரிவுசெய்தோம். ஆயினும் விறைப்பூசி பிடிக்காமல் போனால், அல்லது மருந்து மேலே ஏறி மூச்சுத் திணறினால், அந்த வாய்க்குள் வழமையான கருவி நுழையாது. ஆகவே விழித்திருக்கும் நிலையிலேயே மூக்கு வழியாகச் சுவாசக் குழாய் வைப்பதற்கான நெகிழ் கமராவும், அது தெரிந்த மூத்த வைத்தியரும் ஆயத்தமான பிறகே ஊசி போடப்பட்டது. எதுவும் தேவைப்படவில்லை. வாய் மற்றும் முகச் சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு அவரை அனுப்பிவைத்ததும் இந்த மதிப்பீட்டின் ஒரு பகுதி என்றே கருதுகிறேன்.

வயிற்றை வெறுமையாக வைத்திருப்பது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும் என நினைத்துவிடுகிறோம். மயக்கத்தில் இரைப்பையிலுள்ளது நுரையீரலுக்குள் போனால் ஏற்படும் கடும் பாதிப்பை, பிரசவத் தாய்மாரிடம் கண்டு 1946இல் அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் மென்டெல்சன் விபரித்தார். இன்றைய விதி தெளிவானது: இலேசான உணவுக்கும் பாலுக்கும் 6 மணித்தியாலம், தாய்ப்பாலுக்கு 4, தெளிந்த பானத்துக்கு 2. பால்தேநீர் முதல் வகை, பிளேன்டீ கடைசி வகை. இதை விளக்காமல் "பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஒண்டும் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், பட்டியலில் கடைசியாக இருக்கும் முதியவர் ஓகஸ்ட் மாத வெக்கையில் பிற்பகல் வரை ஒரு துளி தண்ணீருமின்றிக் காய்ந்து கிடப்பார். அவருடைய குருதி அமுக்கம் மயக்கத்தில் விழுவதற்கு அந்த வறட்சியே போதும். காலையில் பட்டியலின் ஒழுங்கு உறுதியானதும் விடுதித் தாதியருக்குத் தொலைபேசி எடுத்து, யார் யாருக்கு எத்தனை மணி வரை தண்ணீர் கொடுக்கலாம் என்று சொல்வதைப் பழக்கமாக்கியிருக்கிறேன். அவர்களும் அதை எதிர்பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

தள்ளிப்போடும் முடிவு எவருக்கும் பிடிக்காது. தடிமனும் சளிக் காய்ச்சலுமாக வந்த பிள்ளைக்கு அவசரமில்லாத சத்திரசிகிச்சையைச் சில வாரங்கள் பிற்போடுவது எளிதாக விளங்கப்படுத்தக் கூடியது. மயக்கத்தில் குரல்வளை இறுகி மூச்சடைக்கும் ஆபத்து அப்பிள்ளைகளுக்குக் கூடுதல். இடுப்பெலும்பு முறிந்த முதியவரின் கதை நேரெதிரானது. அவருக்கு ஒவ்வொரு பரிசோதனைக்காகவும் காத்திருக்கும் நாள் படுக்கைப் புண்ணையும் நியூமோனியாவையும் குருதிக்கட்டியையும் கொண்டுவருகிறது. எக்கோவின் முடிவு எங்கள் திட்டத்தை மாற்றப்போவதில்லை என்றால் அதற்காக அவரைக் கிடத்தி வைக்கக் கூடாது என்று சத்திரசிகிச்சை நிபுணர்களோடு சேர்ந்து வாதிட்டிருக்கிறேன். எச்சரிக்கை என்ற பெயரில் நடக்கும் தாமதமும் ஓர் ஆபத்துத்தான். அதையும் தராசில் வைக்க வேண்டும். நள்ளிரவில் வரும் அவசர நோயாளியிடம் இதற்கெல்லாம் நேரமில்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்பு மயக்கம் கொடுத்தபோது என்ன நடந்தது, என்ன மாத்திரை எடுக்கிறார் என்பவற்றைக் கட்டிலைத் தள்ளிக்கொண்டே கேட்டு, வயிறு நிறைந்திருப்பதாகக் கொண்டே மயக்கம் கொடுக்கிறோம்.

சத்திரசிகிச்சை முடிந்ததும் ஆபத்து முடிந்துவிட்டதாக உறவினர் நிம்மதியடைகிறார்கள். அந்த நேரத்தில் அவர்களிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சத்திரசிகிச்சையை ஒட்டி வரும் மாரடைப்புகளில் பெரும்பாலானவை முதல் 48 மணித்தியாலங்களுக்குள் வருகின்றன. அப்படி மாரடைப்பு வருபவர்களில் மூவரில் இருவருக்கு நெஞ்சுநோவே தெரிவதில்லை, ஏனெனில் வலிநிவாரணி அதை மறைத்துவிடுகிறது. எனவே முதல் நாள் மாலை ஆபத்துக் கூடியவர் என்று குறித்த நோயாளியை, தியேட்டரிலிருந்து போன மறுநாளும் அதற்கடுத்த நாளும் விடுதியில் போய்ப் பார்க்கிறேன். ஒட்சிசன் அளவு, நாடித்துடிப்பு, சலம் போன அளவு, இரவில் குழம்பிப் பேசினாரா என்பவற்றைத் தாதியரிடமும் துணைக்கு நின்ற உறவினரிடமும் கேட்டறிகிறேன். வீடு போகும் முன் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில், அடுத்த முறை எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் அங்குள்ள மயக்கமருந்து வைத்தியர் அறிய வேண்டியதைத் தெளிவாக எழுதி ஒட்டிவிடுகிறோம். அந்த முதிய கடற்றொழிலாளியின் கொப்பியில், வாய் திறக்கும் அளவு, எந்த ஊசி எவ்வளவு கொடுக்கப்பட்டது, பொது மயக்கம் தேவைப்பட்டால் விழித்திருக்கையிலேயே குழாய் வைக்க ஆயத்தம் செய்யவும் என்ற மூன்று வரிகள் இருக்கின்றன.