இழை போய் முனை வந்தது: எங்கள் டொமைன் பெயரைத் தேடிய கதை

அக்காவும் நானும் கையால் தைத்த நோட்டுகள் செய்து விற்கிறோம். நான்கு ஆண்டுகளாக எங்கள் இணைய முகவரி ஒவ்வொரு நோட்டின் பின்னட்டையிலும் அச்சாகிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் அழைத்து, "உங்கள் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரமாக வருகிறதே, கவனித்தீர்களா?" என்றார். திறந்து பார்த்தேன். எங்கள் பெயர் மேலே அப்படியே இருந்தது. கீழே இருந்தது எதுவும் எங்களுடையது இல்லை.

தளம் பல வாரங்களாகவே நின்றுபோயிருந்தது. சர்வர் கோளாறு என்று நினைத்தோம். தளத்தைச் செய்துகொடுத்தவரிடம் சொன்னோம்; பார்க்கிறேன் என்றவர் பிறகு பதில் தரவில்லை. டொமைனை, அதாவது இணைய முகவரியை, அவர் தம்முடைய கணக்கில், தம்முடைய மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தார் என்பதே அப்போதுதான் தெரிந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அவருக்குப் போயிருக்கின்றன. டாட் காம் முகவரி காலாவதியானதும் அன்றைக்கே பறிபோவதில்லை. பதிவு நிறுவனம் அதை அதிகபட்சம் 45 நாள் வரை கையில் வைத்திருக்கலாம். அது நீக்கிய பிறகு, கூடுதல் கட்டணத்தில் மீட்டுக்கொள்ள 30 நாள். கடைசியாக ஐந்து நாள் யாருக்கும் இல்லாமல் கிடக்கும். அதன் பிறகு முதலில் கேட்பவருக்கு. நாங்கள் சர்வரை நொந்துகொண்டிருந்த அந்த வாரங்களில்தான் இவ்வளவும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து முடிந்திருந்தன.

அக்கா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் புதிய நோட்டு ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்து, "எழுது, பெயர்களை எழுது" என்றாள்.

பழைய முகவரியை இழந்தது வலித்தாலும், அது நல்ல முகவரியாக இருந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் தொழிலின் பெயர் "இழை". முகவரியில் இழை, ஒரு ஹைஃபன், பிறகு நோட்ஸ். ஒவ்வொரு அழைப்பிலும் அக்கா ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "நடுவில் ஒரு சிறு கோடு, கீழே இல்லை, நடுவில்" என்று சேர்ப்பாள். ஆனாலும் எதிர்முனையில் இருப்பவர் கோட்டைக் கீழே போடுவார், அல்லது போடாமலே விடுவார். எத்தனை ஆர்டர் அப்படித் தொலைந்தது என்று கணக்கில்லை.

நாற்பது பெயர்கள் எழுதினோம். அழகான சிறு சொற்கள் முதல் மணி நேரத்திலேயே அடிபட்டன. அதில் வியப்பும் இல்லை. முதல் டாட் காம் பெயர் பதிவானது 1985 மார்ச் 15-ஆம் தேதி. அன்று முதல் உலகம் முழுவதும் ஆட்கள் சொற்களைப் பொறுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். மூன்றெழுத்து, நான்கெழுத்துப் பெயர்களை நாடுவது வீண் வேலை. "மை" கிடைக்குமா என்று பார்க்க அக்கா ஆசைப்பட்டாள், பார்த்தோம், மூடினோம்.

மிஞ்சியவற்றை வைத்து ஒரு சோதனை செய்தோம். இந்தத் தேடல் முழுவதிலும் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான். தெரிந்தவர்கள் ஏழு பேரை அழைத்து, பெயரை ஒரே ஒரு முறை சொல்லி, ஆங்கில எழுத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். எழுத்துக்கூட்டிச் சொல்லவில்லை. முதலில் பழைய "இழை"யையே கொடுத்துப் பார்த்தோம். ஒருவர் ழகரத்துக்கு எல் போட்டிருந்தார், படித்தால் இலை. இன்னொருவர் இசட் போட்டு எச்-ஐ விட்டிருந்தார். மூன்றாமவரின் காகிதம் என் கண்ணிலேயே நிற்கிறது. நீல மையில், நிதானமான கையெழுத்தில், முதல் எழுத்து ஈ. பிறகு இசட், எச், ஏ, ஐ. வாய்விட்டுப் படித்தால் "ஏழை". ஏழு பேரில் இருவர் மட்டுமே எங்கள் முகவரியில் இருந்தபடி எழுதியிருந்தார்கள். நான்கு ஆண்டுகள் நாங்கள் இதைத்தான் உலகுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"நூல்" எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. புத்தகமும் அது, தைக்கும் நூலும் அது. எங்கள் தொழிலுக்கென்றே பிறந்த சொல். ஆனால் நெடிலுக்கு இரண்டு ஓவா, ஒரு யூவா என்று ஏழு பேரும் பிரிந்தார்கள். "ஏடு" வேறு விதமாகச் சிக்கியது. ஆங்கிலத்தில் எழுதினால் பல்கலைக்கழகங்களின் முகவரி முடிவான டாட் எடுவாகவே ஆகிவிடுகிறது.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் ஏற்றும்போது எங்கே வழுக்குகிறது என்பது அந்தக் காகிதங்களை மேசையில் பரப்பியதும் தெளிவாகத் தெரிந்தது. ழகரமும் ளகரமும். குறிலும் நெடிலும். தகரத்துக்கு எச் உண்டா இல்லையா என்பது. சகரம் எஸ்ஸா, சி-எச்சா என்பது. ஒற்று இரட்டிக்கும் இடங்கள். இவை எதுவும் இல்லாத சொல்லைத் தேடினால் மொழியே சுருங்கிவிட்டதுபோல் இருந்தது. மணி, வரி, முனை என்று விரல்விட்டு எண்ணும்படி சிலதான் நின்றன. வரி என்றால் கோடும்தான். ஆனால் கேட்டவுடன் எல்லோருக்கும் அரசுக்குக் கட்டும் வரிதான் நினைவுக்கு வந்தது. முனை நின்றது. பேனாவுக்கும் முனை உண்டு. நோட்டின் மூலையும் முனைதான். அட்டை மூலைகளை மடிக்கும்போது அக்கா எடுத்துக்கொள்ளும் பொறுமையைப் பார்த்தவன் நான். அந்தச் சொல் எங்களுக்கு உரியது என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. ஏழு பேரில் ஆறு பேர் ஒரே மாதிரி எழுதினார்கள். ஒருவர் மட்டும் கடைசியில் ஐ-க்குப் பதிலாக ஒய் போட்டார்.

முனை தனியாகக் கிடைக்கவில்லை. வாங்கி வைத்திருந்தவர் சொன்ன தொகை எங்களால் நினைத்தும் பார்க்க முடியாதது. பேரம் பேசாமல் இன்னொரு சொல்லைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தோம். "முனை இங்க்" நன்றாக ஒலித்தது. ஆனால் சேர்த்து எழுதினால் இரண்டு ஐ அடுத்தடுத்து வந்து நிற்கும், தட்டச்சு செய்பவர்கள் ஒன்றை விழுங்கிவிடுவார்கள். முகவரியில் இடைவெளி கிடையாது, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடும் கிடையாது. அதனால் எந்தப் பெயரையும் சிறிய எழுத்தில் ஒட்டி எழுதி, முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற தொழில்நுட்பக் கேள்வி-பதில் தளத்தின் பெயரை ஒட்டி எழுதினால் "செக்ஸ் சேஞ்ச்" என்ற சொற்கள் கண்ணில் பட்டன. அவர்கள் பிறகு நடுவில் ஹைஃபன் போட வேண்டியதாயிற்று. கடைசியில் "முனை பேப்பர்" நின்றது. பேப்பரை எழுதத் தெரியாதவர் எங்கள் ஏழு பேரில் இல்லை. நீளமும் அளவாக இருந்தது. புள்ளிக்கு முன்னால் 63 எழுத்து வரை விதி இடம் கொடுக்கிறது. காது அதில் கால்வாசியைக்கூடத் தாங்காது.

பணம் கட்டும் முன் நான் பிடிவாதமாகப் பார்த்தவை இரண்டு. ஒன்று, பழைய இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியின் பழைய வாழ்க்கை. எங்கள் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த பெயரில் முன்பு போலி மருந்து விற்றிருக்கிறார்கள். அந்தக் கறை தேடுபொறியிலும் மின்னஞ்சல் வடிகட்டிகளிலும் நம்மேல் படியலாம். அன்றைக்கே அதை அடித்துவிட்டேன். மற்றொன்று வணிகச் சின்னம். உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் இலவசத் தரவுத்தளத்தில் அதே பெயர், ஒத்த ஒலி, ஒத்த தொழில் என்று தேடினேன். 1999 முதல் நடைமுறையில் உள்ள டொமைன் தகராறு விதியின்படி, பிறர் சின்னத்தைத் தீய நோக்கத்தோடு பதிவு செய்தவரிடமிருந்து முகவரியை வாங்கிச் சின்னத்துக்கு உரியவரிடம் கொடுத்துவிட முடியும். எங்கள் நோக்கம் தூய்மையானதுதான். ஆனாலும் வழக்குக்கு வழி வைத்துக்கொண்டு தொழில் நடத்த மனம் வரவில்லை.

முகவரியின் முடிவு, அதாவது புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதி, எதுவாக இருக்க வேண்டும் என்பதில் நான் அதிகம் அலையவில்லை. டாட் டிவி டுவாலுவுடையது, டாட் கோ கொலம்பியாவுடையது, டாட் ஏஐ அங்கில்லாவுடையது. நாட்டுக்குறியீடு என்றால் அந்த நாட்டின் விதிக்கு நாம் கட்டுப்பட வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபோது அங்கிருந்த பலர் தங்கள் டாட் ஈயு முகவரிகளை இழந்தார்கள். புதுவகை முடிவுகள் சில முதல் ஆண்டுக்கு மிகக் குறைவாகக் கேட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டிலிருந்து பல மடங்கு வாங்குகின்றன. புதுப்பித்தல் கட்டணத்தைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. எங்களுக்கு டாட் காம் போதும். பெயரைக் கேட்டவர்கள் கை தானாக அங்கேதான் போகிறது.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைத்துக்கொள்ளும் ஆசை எனக்கு விடாமல் இருந்தது. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடிவுகள் இருக்கின்றன. டாட் காமிலும் முன்பகுதியைத் தமிழில் பதியலாம். அங்கே ழகரச் சிக்கலே இல்லை. முனையை எழுத ஒரே வழிதான். ஆனால் உள்ளுக்குள் அது எக்ஸ், என், இரண்டு கோடுகள் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றப்படுகிறது. சில இடங்களில் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் அந்தக் கோவைதான் வெளியே தெரிகிறது. மின்னஞ்சல் கேட்கும் படிவங்கள் பலவும் அதை ஏற்பதில்லை. எனக்கு இது உண்மையாகவே வருத்தம். ஆங்கில எழுத்து முகவரியை முதன்மையாக வைத்து, தமிழ் முகவரியையும் வாங்கி அதற்குத் திருப்பிவிட்டேன். ஒய் போட்ட எழுத்துக்கூட்டலையும் சேர்த்து வாங்கினோம்.

பதிவை அக்கா தன் கையால் செய்தாள். உரிமையாளர் இடத்தில் அவள் பெயர். மின்னஞ்சல் இடத்தில் புதிய டொமைனுக்குத் தொடர்பில்லாத ஒரு முகவரி. டொமைன் நின்றால் அதன் மின்னஞ்சலும் நின்றுவிடும், எச்சரிக்கைக் கடிதம் யாருக்கும் வந்து சேராது. அஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி வந்த இணைப்பை அன்றே அழுத்தினாள். 15 நாளில் செய்யாவிட்டால் முகவரியை முடக்கிவிடுவார்கள். பத்து ஆண்டு வரை முன்கூட்டியே கட்டலாம். ஐந்து ஆண்டுக்குக் கட்டினோம். தானியங்கிப் புதுப்பித்தலைப் போட்டு, இருபடிச் சரிபார்ப்பையும் வைத்தோம். காலாவதித் தேதியைச் சுவர்க் காலண்டருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறாள்.

போன வாரம் ஒரு பெரியவர் தொலைபேசியில் முகவரி கேட்டார். "முனை பேப்பர், டாட் காம், சேர்த்து எழுதுங்கள்" என்றாள் அக்கா. கோடு, இசட், எச் எதுவும் இல்லை. அவள் தேநீரை எடுத்து வாயில் வைப்பதற்குள் அவருடைய ஆர்டர் வந்துவிட்டது. நாற்பது பக்க நோட்டு, ஆறு. பழைய முகவரி அச்சான அட்டைகள் இன்னும் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. மாலையில் வேலை முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து அவற்றின்மேல் புதிய சீட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.