கொக்குவில் வீட்டு ஹீட்டர்

2025 ஜனவரி 4, சனி

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் என் வீட்டில் வாடகைக்கு இருக்கிற அக்கா விடியவே அழைத்தார். "தம்பி, குறை நினையாதையுங்கோ. சுடுதண்ணி ஹீட்டரைப் போட்டவுடனே வீடு முழுக்கக் கரண்ட் போகுது." மூன்று நாளாக இப்படியாம். பிள்ளை பெற்ற மகள் வீட்டில் இருக்கிறாள், இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். பிள்ளை பெற்றவள் குளிக்க மூலிகை போட்டு அவிக்கிற வேதுத் தண்ணியை எப்படியும் அடுப்பில்தான் காய்ச்சுவார்கள். ஆனால் மற்றத் தேவைக்கெல்லாம் சேர்த்து ஈரவிறகை ஊதிக்கொண்டிருப்பதை நினைக்க மனம் கஷ்டப்பட்டது. இனி ஹீட்டரைத் தொட வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

ஜனவரி 5, ஞாயிறு

எலெக்ரீசியன் தம்பியோடு போனேன். 50 லீற்றர் ஹீட்டர், 2011இல் நான் பூட்டியது. சூடாக்கும் கம்பியின் உறை வெடித்து, கரண்ட் தண்ணிக்குள் கசிகிறது. அதனால்தான் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழ வேண்டியது அது. தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. போன வருசமும் ஒருமுறை விழுந்தபோது வேறொருவர் பார்த்துவிட்டு, "சுவிட்சில்தான் பிழை, அதைக் கழற்றி நேரே குடுப்பம்" என்றாராம். அக்கா வேண்டாம் என்றிருக்கிறார். கேட்கும்போதே எனக்கு உடம்பு கூசியது. அந்தக் குளியலறையில் நனைந்த காலோடு நிற்பது அவர்கள்தானே.

கம்பியை மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். தம்பி அடிப் பக்கத்தைத் தடவிக் காட்டினான். விரலில் துரு.

ஜனவரி 7, செவ்வாய்

பழையதைக் கழற்றினோம். தண்ணியை வடிய விட்ட பிறகும் இருவர் பிடித்துத்தான் இறக்க முடிந்தது. அடி மூடியைத் திறந்தால் முட்டைக்கோதுபோல வெள்ளைச் செதில், அரை வாளிக்குக் கிட்ட. நம்முடைய கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் வெட்டியவை. மழைத்தண்ணி அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் ஊற்றுக்கு வருகிறது. சூடாக்கினால் கரைந்தது திரும்பக் கல்லாகிறது. கேத்திலின் அடியில் தினமும் பார்க்கிற அதே வெள்ளைதான். கம்பியைச் சுற்றி அது கட்டிவிட்டால் சூடு வெளியே போகாமல் கம்பியே வெந்து போகும்.

மக்னீசியக் கோல் இருந்த இடத்தில் மெல்லிய இரும்புக் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. தாங்கியைத் துரு பிடிக்காமல், தான் கரைந்து காக்கிற கோல் அது. முடிந்ததும் மாற்றியிருக்க வேண்டும். பதின்மூன்று வருசம் நான் ஒருமுறையும் திறந்து பார்க்கவில்லை.

அதைவிட என்னைப் பயப்படுத்தியது பாதுகாப்பு வால்வு. அழுத்தம் கூடினால் தண்ணியை வெளியே விட வேண்டியது, சுண்ணாம்பு இறுகி அசையவேயில்லை.

ஜனவரி 8, புதன்

புதியது வந்துவிட்டது. செலவு கிட்டத்தட்ட ஒன்றரை மாத வாடகை. வாடகையைக் கூட்ட மாட்டேன் என்று அக்காவிடம் முதலே சொல்லிவிட்டேன். புது வால்வு, அதன் வாயிலிருந்து வெளியே போகிற குழாய், எர்த் வயர் எல்லாம் புதிதாகப் போட்டோம். சுடுதண்ணிப் பைப்பில் தண்ணி நிறைந்து வரும்வரை பொறுத்து, அதன் பிறகுதான் சுவிட்சைப் போட்டான் தம்பி. வெறும் தாங்கியில் போட்டால் கம்பி எரிந்துவிடும். 60 பாகையில் வைத்தோம். 2 கிலோவாட், ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் பிடித்தது.

குழந்தைக்கு வாளியில் முதலில் பச்சைத்தண்ணி, பிறகு சுடுதண்ணி என்று அக்காவிடம் சொன்னேன். "அது எனக்குத் தெரியாதே தம்பி?" என்று சிரித்தார். ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பார்க்கவும் காட்டிக் கொடுத்தேன்.

ஜனவரி 11, சனி

அக்கா அழைத்தார். மகள் முழுகிவிட்டுப் படுத்திருக்கிறாளாம், பிள்ளையும் நித்திரையாம். கலண்டரில் அடுத்த வருசத் தை மாதத்தில் எழுதி வைத்தேன்: கொக்குவில், கோல் பார்க்க.