"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள்

அந்தக் கேள்விக்கு வகுப்பறையில் மாணவர்கள் தலையாட்டுவார்கள். ஆன்லைனில் அதுவும் கிடையாது. பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வியாகக் கேளுங்கள்.

ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை இதற்குக் கச்சிதம். நான்கு விடைகளோடு ஒரு கேள்வி. இரண்டு நிமிடம் தனியாக யோசித்து வாக்களிக்கட்டும். சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவென்றால் மறுபடி விளக்குங்கள். 70-ஐத் தாண்டினால் சுருக்கமாகச் சொல்லி நகருங்கள். இடைப்பட்டால்தான் பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், பிறகு மறுவாக்கு. முதல் வாக்கு முடிவை விவாதத்துக்கு முன்னால் திரையில் காட்டவே கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். காட்டிவிட்டால் எல்லோரும் பெரும்பான்மை விடைக்குத் தாவிவிடுவார்கள். அப்புறம் வாதிட என்ன இருக்கிறது?

ஜூமில் இந்த விவாதத்துக்கு, வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் பிரேக்அவுட் அறை ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு பேர் போதும். ஆறு பேரானால் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். செய்யவேண்டியதைச் சாட்டில் எழுதிவிட்டு அனுப்புங்கள், ஸ்லைடை மட்டும் நம்பினால் உள்ளே போனதும் "என்ன செய்யணும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

பல நாட்டு மாணவர்கள் இருந்தால் மார்ச் மாதம் தனித் தலைவலி. அமெரிக்கா இரண்டாம் ஞாயிறிலும் ஐரோப்பா கடைசி ஞாயிறிலும் கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகின்றன. இடைப்பட்ட வாரங்களில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகூட ஒரு மணி நேரம் தவறி வருவார். வகுப்பு நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியிலும் போடுங்கள். ஒப்படைக்கும் கெடுவுக்கு "நள்ளிரவு 12" வேண்டாம், எந்த நாளின் நள்ளிரவு என்ற குழப்பம் வரும். 23:59 என்று எழுதுங்கள்.