டான்கி காங் வரிசையை முதலிலிருந்து ஆடுகிறேன்: இதுவரை

நிண்டெண்டோவின் பழைய டான்கி காங் ஆர்கேட் (கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டி) ஆட்டங்களை வெளிவந்த வரிசையிலேயே ஆடிப் பார்ப்பது என்று உட்கார்ந்திருக்கிறேன். 1981 டான்கி காங், 1982 டான்கி காங் ஜூனியர், 1983 டான்கி காங் 3, அதே வருடம் வந்த மாரியோ பிரதர்ஸ். நான்குமே நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில் கிடைக்கின்றன. இடையில் சேவ் செய்துகொள்ளும் வசதி உண்டு. அதைத் தொடுவதில்லை, மூன்று லைஃப், போனால் போனதுதான்.

முதல் ஆட்டத்தில் லெவல் 4 வரை வந்திருக்கிறேன். குரங்கு தூக்கிப் போன பெண்ணை மீட்க, அது உருட்டிவிடும் பீப்பாய்களைத் தாண்டி மாரியோவை உச்சிக்கு ஏற்ற வேண்டும். ஸ்டேஜ்களுக்குப் பெயரே உயரம்தான்: 25, 50, 75, 100 மீட்டர். ஒரு ஜாய்ஸ்டிக், குதிக்க ஒரே பட்டன். ஆனால் சூப்பர் மாரியோ ஆடிப் பழகிய கைக்கு இது சித்திரவதை. தாவிய பிறகு காற்றில் திசை மாற்ற முடியாது. தன் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்து விழுந்தால் கூட ஆள் காலி. சுத்தியல் எடுத்தால் பீப்பாய்களை நொறுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 300, 500 அல்லது 800 பாயிண்ட் விழும். ஆனால் அது கையில் இருக்கும்வரை ஏணி ஏறவும் முடியாது, குதிக்கவும் முடியாது. நேரத்தைக் காட்டும் போனஸ் எண்ணோ கரைந்துகொண்டே இருக்கும், அது தீர்ந்தாலும் சாவுதான். பேராசைக்கென்றே செய்து வைத்த பொறி.

அதிகமாக உயிரை வாங்கியது 75 மீட்டர் ஸ்டேஜ். லிஃப்ட்டுகளைத் தாண்டி வலப்பக்கம் ஏறி, உச்சித் தளத்தில் இடப்பக்கமாக ஓட வேண்டும். எதிரே ஸ்பிரிங்குகள் துள்ளித் துள்ளி வந்து வலது ஓரத்தில் கீழே விழுகின்றன. ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தரையைத் தொடும் இடம் சற்றுச் சற்று மாறும். அந்தத் தளத்தில் எந்த ஸ்பிரிங்கும் தொடாத இடம் இரண்டுதான். முதல் இடத்தில் நின்று, இடது முனையில் ஸ்பிரிங் எங்கே முளைக்கிறது என்று பார்த்து, அது தலைக்கு மேல் போன அந்த நொடியில் அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். இங்கே குதிக்கவே கூடாது. குதிக்கும் ஆட்டத்தில் குதிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு நாள் பிடித்தது.

இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு தோல்வியிலிருந்து. 1980-ல் வந்த ரேடார் ஸ்கோப் என்ற ஆர்கேட் ஆட்டத்தை நம்பி நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளை 3000 பெட்டிகள் வரவழைத்தது. ஏறக்குறைய 2000 கிடங்கில் தேங்கிவிட்டன. அந்தப் பெட்டிகளுக்குள் போட ஒரு புது ஆட்டம் தேவைப்பட்டது. பொறுப்பு போனது ஷிகெரு மியாமோட்டோவிடம். அவர் புரோகிராமர் இல்லை, படம் வரைகிற ஆள். மேற்பார்வைக்கு நிண்டெண்டோவின் மூத்த வடிவமைப்பாளர் குன்பெய் யோகோய். பாப்பாய் கார்ட்டூன் பாத்திரங்களுக்கு உரிமை கிடைக்காததால், பாப்பாய், ப்ளூட்டோ, ஆலிவ் மூவரும் தச்சன் (இவர்தான் பிற்பாடு மாரியோ), குரங்கு, கடத்தப்பட்ட பெண் என்று ஆனார்கள். கதையிலிருந்து கிளம்பிய ஆட்டம் என்பது ஆடும்போதே தெரிகிறது. 25 மீட்டரை முடித்தால் ஒரு இதயம் தோன்றும், உடனே குரங்கு அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மேலே ஏற, இதயம் உடையும். ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் அடுத்த ஸ்டேஜுக்குக் காரணம் சொல்லியாகிவிட்டது.

கிங் காங்கைக் காப்பியடித்ததாகப் படநிறுவனமான யுனிவர்சல் 1982-ல் போட்ட வழக்கிலும் நிண்டெண்டோதான் ஜெயித்தது. கிங் காங் கதை யாருக்கும் சொந்தமில்லை என்று அதே யுனிவர்சல் எழுபதுகளில் வேறொரு வழக்கில் வாதாடியிருந்தது!

முதல் ஆட்டத்தில் லெவல் 22-ஐச் சாதாரணமாக ஆடித் தாண்ட முடியாது. போனஸ் நேரத்துக்கான கணக்கு அங்கே 260 ஆகிறது. 8 பிட் எண்ணில் 255-க்கு மேல் கொள்ளாது என்பதால் அது 4 ஆகச் சுருங்கிவிடும். 8000-ல் தொடங்க வேண்டிய போனஸ் 400-ல் தொடங்கும், பாதி தூரம் போவதற்குள் மாரியோ செத்து விழுவார். அந்தக் கவலை எனக்கு இப்போதைக்கு இல்லை.

ஜூனியரில் மாரியோதான் வில்லன், கூண்டில் அப்பா குரங்கு. நாம் குட்டி. இரண்டு கொடிகளைப் பிடித்தால் வேகமாக ஏறலாம், ஒன்றைப் பிடித்தால் வேகமாக இறங்கலாம். இந்த ஒரு விதியிலேயே முழு ஆட்டமும் ஓடுகிறது, அருமை. விழுந்தால் இதிலும் சாவுதான். டான்கி காங் 3 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: ஸ்டான்லி என்பவர் பசுமைக்குடிலில் மருந்தடித்துப் பூச்சிகளை விரட்டுகிறார். குதிக்கும் ஆட்டம் சுடும் ஆட்டமாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் சலித்துவிட்டது.

அப்புறம் மாரியோ பிரதர்ஸ். முதல் முறை உச்சித் தளத்திலிருந்து தவறி விழுந்ததும் கை தானாகக் கன்ட்ரோலரைக் கீழே வைக்கப் போனது. ஆனால் மாரியோ சாகவில்லை, எழுந்து ஓடுகிறார்! எந்த உயரத்திலிருந்து விழுந்தாலும் அடிபடக் கூடாது என்பது யோகோயின் யோசனை. அப்படி வைத்தால் ஆட்டமே சுவாரசியமாக இருக்காது என்று மியாமோட்டோ முதலில் தயங்கினாராம். விழுகிற பயம் போன பிறகுதான் எதிரியைத் துரத்தும் தைரியம் வருகிறது. ஆனால் எதிரிகளாக வரும் ஆமைகளை மிதிக்கக் கூடாது. தளத்தைக் கீழிருந்து தலையால் முட்டிப் புரட்டிவிட்டு, பிறகு ஓடிப் போய் உதைக்க வேண்டும். மிதித்துக் கொல்வதெல்லாம் 1985 சூப்பர் மாரியோ பிரதர்ஸில்தான்.

அடுத்தது நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய்க்கு வந்த 1994 டான்கி காங். ஆர்கேடின் அதே நான்கு ஸ்டேஜ்களோடு தொடங்கி, முடிந்தது என்று நினைக்கும்போது குரங்கு மறுபடி பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓட, மொத்தம் 101 ஸ்டேஜ். இதில் ஓரளவு உயரத்திலிருந்து விழுந்தால் மாரியோ உருண்டு எழுந்துவிடுவார், ரொம்ப உயரம் என்றால் சாவுதான். அதற்குள் ஆர்கேட் டான்கி காங்கில் லெவல் 5 வந்துவிட வேண்டும். 75 மீட்டர் மனது வைத்தால்.